அக்கா பையனின் பள்ளி மாநிலக் கோப்பை அடித்துவிட்டது, அடுத்து என்ன?

கேள்வி இதுதான்: "என் அக்கா பையன் வியாசர்பாடி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். 17 வயதுக்கு உட்பட்டோர் கால்பந்தில் அவன் பள்ளி அணி மாநில அளவில் முதலிடம். தெருவெல்லாம் பேனர் கட்டியாச்சு. இதனால் அவனுக்கு காலேஜ் சீட்டு, வேலை என்று ஏதாவது கிடைக்குமா? பந்தை விட்டுவிட்டுப் பிளஸ் டூவைப் பார்க்கட்டும் என்கிறாள் அக்கா. இப்போது அவன் தங்கச்சியும் நானும் ஆடப் போறேன் என்கிறாள். என்ன செய்வது?"

முதலில் பையனுக்கு என் வாழ்த்து. நான் ஒரு டிபார்ட்மெண்ட் (அரசுத் துறை) அணிக்காகச் சென்னை லீக்கில் ஆடியவன், இப்போது பெரம்பூர் பக்கம் சாயங்காலங்களில் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அதனால் பேனர் கட்டும் சந்தோஷமும் தெரியும், பேனர் கிழிந்த பிறகு வரும் குழப்பமும் தெரியும். நேராகவே சொல்லிவிடுகிறேன். பள்ளி வாங்கிய கோப்பையால் மட்டும் பையனுக்குச் சீட்டோ வேலையோ வந்துவிடாது. அந்த வெற்றியின் பலத்தில் அவன் தமிழ்நாடு அணிச் சட்டையைப் போடுகிறானா என்பதுதான் கணக்கு. அதற்கு அவனிடம் இருப்பது இன்னும் ஒன்றரை வருடம்.

மாநிலக் கோப்பை எவ்வளவு பெரிய விஷயம் என்று அக்காவுக்குப் புரிய வேண்டும். பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில், அதாவது பக்கத்துப் பள்ளிகளுக்குள், தொடங்கும். அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். குறுவட்டத்தில் இருந்தே பெரும்பாலும் நாக்-அவுட்தான். ஒரு நாள் கோல் கீப்பருக்குக் காய்ச்சல், ஒரு டை-பிரேக்கரில் பந்து கம்பத்தில் பட்டது, அவ்வளவுதான், அந்த வருடம் முடிந்தது. லீக் மாதிரி அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. நீலகிரிப் பையன்கள் மேட்டில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள், ஓடிக்கொண்டே இருப்பார்கள். கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமங்களில் மணலில் ஆடி வளர்ந்தவனுக்குக் கால் பலம் வேறு மாதிரி. இவர்களையெல்லாம் தாண்டி வந்திருக்கிறது உங்கள் பையன் அணி. பேனர் கட்டியது தப்பே இல்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். அவன் எந்தப் போட்டியில் ஜெயித்தான்? "மாநிலக் கோப்பை" என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்கிறார்கள். ஆனால் பள்ளிப் பையன்களுக்கு மாநில அளவில் குறைந்தது மூன்று வழி இருக்கிறது. மேலே சொன்ன பள்ளிக் கல்வித் துறைப் போட்டிகள் ஒன்று. சுப்ரதோ கோப்பைக்கான மாநிலச் சுற்று இன்னொன்று. மூன்றாவது முதலமைச்சர் கோப்பை, அதில் பள்ளி மாணவர்களுக்குத் தனிப் பிரிவும் ரொக்கப் பரிசும் உண்டு. மூன்றிலும் கிடைப்பது சான்றிதழும் மெடலும்தான் என்று தோன்றும். ஆனால் மூன்றும் கொண்டுபோய் விடும் இடம் வேறு வேறு.

சுப்ரதோ கோப்பை 1960-ல் தொடங்கியது. விமானப் படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் பெயரில் நடக்கும் அகில இந்தியப் பள்ளிக் கால்பந்து. இதில் மாநிலத்தில் ஜெயித்த பள்ளியே டெல்லிக்குப் போகும். அதாவது உங்கள் பையனும் அவனோடு தினம் ஆடும் அதே பசங்களும் ஒரே அணியாகப் போய் மிசோரம், மணிப்பூர், ஜார்க்கண்ட் பள்ளிகளோடு மோதுவார்கள். வட சென்னைப் பையன் வடகிழக்குப் பையனோடு முதன்முறை ஆடும்போதுதான் பந்து எவ்வளவு வேகமாகக் கைமாறும் என்று பார்ப்பான். தோற்றாலும் அந்தப் பத்து நாள் ஒரு வருடப் பயிற்சிக்குச் சமம் என்பேன்.

பள்ளிக் கல்வித் துறைப் போட்டி அப்படியில்லை. அங்கே கோப்பை பள்ளிக்கு. அதன் பிறகு தேர்வு வைத்து, பல பள்ளிகளில் இருந்து பையன்களைப் பொறுக்கித் தமிழ்நாடு பள்ளி அணி என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். அந்த அணிதான் இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமம் நடத்தும் தேசியப் போட்டிக்குப் போகும். சாம்பியன் பள்ளியில் ஆடிய எல்லோருக்கும் அதில் இடம் கிடைக்காது. அரையிறுதியில் தோற்ற பள்ளியின் ஸ்டாப்பர் பேக் (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரன்) உள்ளே போவான், சாம்பியன் அணியின் ஸ்டாப்பர் வெளியே நிற்பான். இது அநியாயம் இல்லை, தேர்வு என்றால் அப்படித்தான்.

இந்தத் தேர்வை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், படிவம் 4 என்று ஒரு காகிதம் இருக்கிறது. மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களை எடுக்கும்போது நான்கு வகைச் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள். படிவம் 1 இந்தியாவுக்காக சர்வதேசப் போட்டியில் ஆடியவர்களுக்கு. படிவம் 2 மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்கு. படிவம் 3 பல்கலைக்கழகத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கு. படிவம் 4 மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஆடியவர்களுக்கு. கவனித்தீர்களா? தன் பள்ளிக்காக மாநில அளவில் ஜெயித்தவனுக்கு இந்த நான்கில் எதுவுமே இல்லை. மாநிலக் கோப்பை வாங்கிய அணியில் கேப்டனாக இருந்தும் தேசியத்துக்குப் போகாதவனிடம் படிவம் இருக்காது. அவனுக்குப் பந்து பொறுக்கிப் போட்ட ஜூனியர் அடுத்த வருடம் தேர்வாகிப் போனால் அவனிடம் இருக்கும்.

சுப்ரதோவுக்குப் போனவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அங்கே ஆடுவது பள்ளி அணியாக, மாநில அணியாக அல்ல. எந்த நிறுவனம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது அந்தந்த வேலை அறிவிப்பில் இருக்கும். யாரோ சொன்னார்கள் என்று நம்பாமல் அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள்.

படிவம் 4-ல் தலைமையாசிரியர் கையெழுத்து போதாது. மாநிலக் கல்வி இயக்ககத்தில் பள்ளி விளையாட்டுகளுக்குப் பொறுப்பான இயக்குநர் அல்லது இணை, துணை இயக்குநர் நிலையில் உள்ள அதிகாரி போட வேண்டும். பையன் தேசியத்துக்குப் போய்வந்த சூட்டோடு சூடாக அதை வாங்கிவிட வேண்டும். நான்கு வருடம் கழித்து ரயில்வே அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால், அப்போதைய பி.டி. மாஸ்டர் மாற்றலாகிப் போயிருப்பார், பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த அலைச்சலில் வயசு வரம்பைத் தாண்டிவிட்ட பையன்கள் உண்டு.

காகிதம் என்று வந்துவிட்டதால் இன்னொன்று. சான்றிதழில் பெயரும் இன்ஷியலும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பள்ளியின் எமிஸ் (மாணவர் விவரக் கணினிப் பதிவு) பதிவிலும் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். நம் பக்கத்தில் அப்பா பெயரின் இன்ஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், ஒரு இடத்தில் காணவே காணோம். மைதானத்தில் கூப்பிடும் பெயரையே மாஸ்டர் நுழைவுப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. இப்போதே எடுத்துப் பாருங்கள். தப்பு இருந்தால் அந்த மாஸ்டர் பள்ளியில் இருக்கும்போதே திருத்துவது சுலபம். அசலை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை வைக்கவோ சரிபார்த்துக் கையெழுத்துப் போடவோ முடியாமல் போகும்.

காலேஜ் சீட்டு பற்றிக் கேட்டீர்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான். சான்றிதழின் தரத்தை வைத்து வரிசை போடுவார்கள், சர்வதேசம் மேலே, தேசியம் அடுத்து, அப்புறம்தான் மாநிலம். மாநிலச் சான்றிதழோடு மட்டும் போகிறவனுக்கு வரிசை நீளம். ஆனால் உங்கள் பையன் ஆறாம் வகுப்பில் இருந்து அரசுப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. பந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பலர் விளையாட்டு ஒதுக்கீட்டையே பார்த்துக்கொண்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

கலை அறிவியல் கல்லூரிதான் கால்பந்துக்காரனுக்கு உண்மையில் நல்ல வழி என்பது என் கருத்து. லயோலா, கிறித்துவக் கல்லூரி மாதிரி அணி வைத்திருக்கும் கல்லூரிகளில் பிளஸ் டூ முடிவுகள் வரும் சமயத்தில் ட்ரையல்ஸ் வைப்பார்கள். அங்கே சான்றிதழை விடக் கால் பேசும். நன்றாக ஆடினால் சீட்டு, சில இடங்களில் கட்டணச் சலுகை, சில இடங்களில் விடுதிச் சாப்பாடு. அங்கிருந்து பல்கலைக்கழக அணிக்குப் போனால் படிவம் 3 கிடைக்கும். பள்ளியில் படிவம் 4-ஐத் தவறவிட்டவனுக்கு இது இரண்டாவது வாசல். இதனால்தான் பிளஸ் டூவை விடாதே என்று அக்கா சொல்வது சரி. ஃபெயிலாகிவிட்டால் இந்த வாசலும் அடைபடும். ஆனால் பந்தை விடு என்பது தப்பு. சராசரி மதிப்பெண்ணோடு நல்ல கல்லூரிக்குள் நுழைய அவனிடம் இருக்கிற சாவி அந்தப் பந்துதான், அதைப் பிடுங்கி வைத்தால் மார்க் கூடிவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

வேலை விஷயம் கொஞ்சம் கசப்பு. வட சென்னையில் மூன்று தலைமுறைக்குக் கால்பந்து என்றால் அரசு வேலை என்று அர்த்தம் இருந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப்., அதாவது ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1955-ல் வந்தது. அதற்கும் முன்பே ரயில்வே பட்டறைகள். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, வருமான வரித்துறை, இந்தியன் வங்கி, கணக்குத் தலைவர் அலுவலகம் என்று ஆளாளுக்கு அணி வைத்திருந்தார்கள். இந்தியன் வங்கி தேசிய கால்பந்து லீக்கிலேயே ஆடியது. சாயங்காலம் லீக் மேட்ச்சில் இரண்டு கோல் போட்டவனை மறுநாள் அலுவலகத்துக்கு வரச் சொன்ன கதைகள் எங்கள் பேட்டையில் ஏராளம், பாதி உண்மை, பாதி வாய்க்கொழுப்பு. ஆனால் அந்த வேலைகள் உண்மை. ஓட்டு வீட்டில் இருந்து குவார்ட்டர்ஸுக்குப் போன குடும்பங்கள் இன்றும் அயனாவரத்திலும் வில்லிவாக்கத்திலும் இருக்கின்றன.

இப்போது அந்த எடுப்பு மிகவும் சுருங்கிவிட்டது. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பு வந்தால் கால்பந்துக்கு இரண்டு இடம், மூன்று இடம் என்று இருக்கும். அதிலும் "கோல் கீப்பர் ஒன்று, லெஃப்ட் பேக் ஒன்று" என்று இடம் குறித்தே கேட்பார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் எந்த வேலைக்கு எந்த அளவுச் சாதனை என்று தகுதி வைத்திருக்கிறார்கள், தேசியப் பதக்கம், சர்வதேசப் பதக்கம் உள்ளவர்கள் போட்டியில் நிற்கிறார்கள். கபடி, தடகளம், வாலிபால் எல்லாம் அதே கூடைக்குள். அதனால் ஒதுக்கீடு இருக்கிறது என்று நம்பிப் படிப்பை விடாதீர்கள். வரும், வராது என்று இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

தொழில்முறை ஆட்டக்காரன் ஆவானா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பையன் மனசில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் 2017-18 பருவத்தில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் நடுக்களத்தில் ஆடினார். அதன் பிறகு முழங்கால் காயம் அவரை நீண்ட நாள் வெளியே உட்கார வைத்தது. இரண்டையும் சேர்த்தே பையனுக்குச் சொல்லுங்கள். 16 வயதில் இருப்பவன் செய்ய வேண்டியது சென்னை லீக்கில் ஏதாவது ஒரு டிவிஷன் கிளப்பில் முறையாகப் பதிவு செய்துகொண்டு பெரியவர்களோடு ஆடுவது. பள்ளி அணியில் அவன் ராஜா. லீக்கில் 28 வயது பேக் ஒருவன் தோளால் ஒரு இடி இடித்தால்தான் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒன்று மட்டும், கையெழுத்துப் போடும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் படியுங்கள். ஒரு கிளப்பில் பதிவாகிவிட்டு வேறு கிளப்புக்கு மாற வேண்டுமென்றால் முறைப்படி விடுவிப்பு வாங்க வேண்டும். பூட்டும் ஜெர்சியும் கொடுக்கிறார்கள் என்று பையன் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். இந்தக் கோப்பை எப்படி வந்தது?

பள்ளி பேனரில் தாளாளர், தலைமையாசிரியர், வட்டச் செயலாளர் எல்லோரும் கைகூப்பி நிற்பார்கள். நிற்கட்டும். ஆனால் நம் பக்கத்துப் பள்ளிகளில் எத்தனையில் முழு அளவு மைதானம் இருக்கிறது? பிரேயர் நடக்கும் முற்றம், அதில் இரண்டு வேப்ப மரம், ஓரத்தில் சைக்கிள் ஸ்டாண்ட். பையன் பந்து கற்றது பள்ளியில் இல்லை. முல்லை நகர் மைதானத்திலும் அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்னக் காலி இடங்களிலும்தான். காலை ஐந்தரை மணிக்கு, காசு வாங்காமல், வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கும் யாரோ ஒரு அண்ணனிடம். 1990-களின் இறுதியில் உள்ளூர் ஆட்டக்காரர்கள் சேர்ந்து வியாசர்பாடியில் தொடங்கிய குழந்தைகளுக்கான விளையாட்டு, கல்வி மேம்பாட்டுச் சங்கம் பந்தையும் படிப்பையும் சேர்த்துப் பிடித்தது. அங்கே ஆடியவர்களில் பலர் இன்று அதே மைதானத்தில் அடுத்த தலைமுறைக்குச் சொல்லித் தருகிறார்கள்.

ஏன் இந்தப் பகுதியில் மட்டும் இவ்வளவு பந்து என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பின்னி குழுமத்தின் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில், ரயில்வே பட்டறை, துறைமுகம் என்று ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் நெருக்கமாக வாழ்ந்த இடம் இது. ஷிப்ட் முடிந்து வந்தவனுக்கு ஒரு பந்தும் கொஞ்சம் தரையும் போதும், கிரிக்கெட்டுக்கு ஆகும் செலவு கிடையாது. 1960-களில் பர்மாவில் இருந்து திரும்பி வந்தவர்களுக்கு இங்கே குடியிருப்புகள் கொடுத்தார்கள். அவர்கள் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைக் கொண்டுவந்தார்கள், பந்தாட்ட ஆசையையும் கொண்டுவந்தார்கள் என்று சொல்வதுண்டு. மில் 1996-ல் மூடிவிட்டது. பந்து மூடவில்லை.

நெருக்கடியான இடத்தில் ஆடியதால் நம் பையன்களுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் மூன்று பேர் நின்றாலும் பந்தைக் காலுக்குள்ளேயே வைத்துத் திரும்பிவிடுவார்கள். ஃபைவ்ஸ், செவன்ஸ் என்று அணிக்கு ஐந்து பேர், ஏழு பேராக ஆடிப் பழகியவர்களுக்கு முதல் தொடுதல் சுத்தமாக இருக்கும். பலவீனமும் அதிலேயே இருக்கிறது. முழு மைதானத்தில் நீளப் பந்து வந்தால் எங்கே நிற்பது என்று தெரியாது, தலையால் முட்டுவதில் தயக்கம், பந்து இல்லாதபோது இடம் மாறி ஓடுவதில் சோம்பல். மாநிலத்தில் ஜெயித்த அணி இதையெல்லாம் ஓரளவு சரிசெய்திருக்கும். அதைச் செய்தது யார் என்று பையனைக் கேளுங்கள். பி.டி. மாஸ்டர் என்றால் அவர் பெரிய மனிதர். உண்மையிலேயே நல்ல பி.டி. மாஸ்டர் ஒருவர் இருந்தால் மைதானமே இல்லாத பள்ளியும் மாநிலத்துக்குப் போகும். பத்து மாலை நேரத்து அண்ணன்களிடம் கற்றுவந்த பத்து விதமான பையன்களை ஒரே அணியாக ஆட வைப்பது அவர் வேலை. ரயில் டிக்கெட்டும் சாப்பாட்டுக் காசும் பல சமயம் அவர் சட்டைப் பையில் இருந்துதான் போகும்.

இந்த மைதானங்கள் மேல் கண் வைத்திருங்கள். சென்னை மாநகராட்சி 2025-ல் தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டுக் கட்டணம் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கி, கட்டணம் கிடையாது என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் ஒரு தடவை வந்த யோசனை மறுபடி வராது என்று யார் சொன்னது? மணிக்கு இவ்வளவு என்று வந்துவிட்டால் ஐ.டி. கம்பெனிப் பையன்கள் ராத்திரி எட்டு மணிக்கு வந்து ஆடிவிட்டுப் போவார்கள், நம் பையன் கம்பி வேலிக்கு வெளியே நிற்பான். அடுத்த மாநிலக் கோப்பை வேறு மாவட்டத்துக்குப் போகும், அவ்வளவுதான். மழைக்காலமும் ஒரு பிரச்சினை. பள்ளிப் போட்டிகள் சூடுபிடிக்கும் அக்டோபர், நவம்பரில்தான் நம் பக்கம் முழங்கால் தண்ணீர். மைதானம் காய்ந்து முடிவதற்குள் மாவட்டச் சுற்றே வந்துவிடும்.

வயசு விஷயத்தில் சுருக்கமாக ஒரு எச்சரிக்கை. "ஒரு வருஷம் குறைச்சுப் போட்டா அடுத்த வருஷமும் ஆடலாம்" என்று யாராவது அண்ணன் காதில் ஓதினால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தேசிய, சர்வதேச அளவில் மணிக்கட்டு எலும்பின் வளர்ச்சியைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். 17 வயதுக்கு உட்பட்ட உலகக் கோப்பையில் ஃபிஃபா 2009-ல் இருந்தே எம்.ஆர்.ஐ. வைத்துச் சோதிக்கிறது. மாட்டினால் பையனுக்குத் தடை, சில சமயம் மொத்த அணியும் கோப்பையை இழக்கும். காகிதத்தில் பொய்த் தேதி ஏறிவிட்டால் வேலைக்குப் போகும்போது சரிபார்ப்பில் வேறு உதைக்கும்.

காயம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தேசியத் தேர்வு இருக்கிறது என்று வலியை மறைத்துக்கொண்டு ஆடுவார்கள் இந்த வயதுப் பசங்க. கணுக்கால் சுளுக்கு என்றால் எண்ணெய் போட்டு நீவிவிட்டு மறுநாள் இறங்கிவிடுவான். முழங்காலில் "டப்" என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால் அது ஜவ்வுக் கிழிசலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நீவக் கூடாது, ஆடக் கூடாது, எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிழிந்த ஜவ்வோடு ஆடினால் உள்ளே உள்ள குருத்தெலும்பும் சேர்ந்து போகும். அறுவைச் சிகிச்சை என்றால் மறுபடி போட்டியில் இறங்க ஒன்பது மாதமாவது ஆகும், அதில் பாதி வெற்றி பிசியோதெரபியைத் தவறாமல் செய்வதில் இருக்கிறது. 2022-ல் நம் பக்கத்துக் கல்லூரி வீராங்கனை ஒருவர் முழங்கால் ஜவ்வு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தார். அதைக் கேட்டுப் பல வீடுகளில் பெண் பிள்ளைகளைப் பந்தாட விடாமல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்துவதால் ஆவது ஒன்றுமில்லை. கட்டுப் போட்ட காலில் மரத்துப் போவது, விரல் நிறம் மாறுவது, மருந்துக்கும் அடங்காத வலி என்று எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், "ஆபரேஷன் பண்ணினா வலிக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் விடாமல் கேட்க வேண்டும். இதை அக்காவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

அக்காவின் கவலைக்கு நடைமுறையில் ஒரு வழி. பிளஸ் டூ வருடத்தில் ஜனவரி வரை வாரத்தில் நான்கு நாள் பயிற்சி, ஞாயிறு லீக் மேட்ச், மற்ற நேரம் படிப்பு. பிப்ரவரி, மார்ச்சில் காலை அரை மணி நேர ஓட்டம் மட்டும். தெரு டோர்னமெண்ட்டுகளைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆயிரம் ரூபாய் பரிசுக்கும் ஒரு பிரியாணிக்கும் கல் தரையில் ஆடி முட்டியை உடைத்துக்கொள்ளும் இடம் அதுதான். தேர்வுக்காக வெளியூர் போய் விட்டுப்போன பாடங்களை எழுதி வைத்துக்கொள்ள வகுப்பில் ஒரு நண்பனைப் பிடிக்கச் சொல்லுங்கள். தேசியத்துக்குப் போனால் பள்ளியில் வருகைப் பதிவில் "ஆன் டியூட்டி" போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகத் தங்கச்சி. தாராளமாக விடுங்கள். சொல்லப் போனால் அவளுக்கு அண்ணனை விட வாய்ப்பு அதிகம். ஆண்களில் தமிழ்நாடு, மெட்ராஸ் மாகாணக் காலத்தில் இருந்து இன்றுவரை மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை ஒரு முறை கூட வென்றதில்லை. பெண்கள் அணி சீனியர் தேசியக் கோப்பையை இரண்டு முறை வென்றிருக்கிறது, 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை வீழ்த்தி, 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வீழ்த்தி. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஆடுகிற பெண் பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு என்பதால் உழைக்கிறவளுக்கு மாநில அணிக்கான வழி கொஞ்சம் குறுகலில்லாமல் இருக்கும். சுப்ரதோவிலும் 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவு உண்டு. அவள் ஆறாவது, ஏழாவது படிக்கிறாள் என்றால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வையும் பாருங்கள். 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்வதற்கு ஆண்டுதோறும் கோடை வாக்கில் தேர்வு வைக்கிறார்கள், தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. வீட்டை விட்டு அனுப்ப மனசில்லை என்றால் பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கும் கிளப் எது என்று மைதானத்தில் விசாரியுங்கள், முதல் வாரம் நீங்களே கூடப் போய் உட்காருங்கள், உடை மாற்ற இடமும் கழிப்பறையும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அண்ணனுடைய பழைய பூட்டை அவளுக்குக் கொடுக்காதீர்கள். அளவு பெரிதாக இருந்தால் உள்ளே கால் வழுக்கிக் கணுக்கால் திரும்பும். மூர் மார்க்கெட் பக்கம் அவள் காலுக்குச் சரியாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள், விலை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.